களைகொல்லியைத் தாங்கும் பீற்றும், களைகொல்லிக்கு அஞ்சாத களையும்

டிக்கோயாவிலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரியும் மலைச்சாரல்களிலே, தேயிலை மலைகளுக்கு இடையிடையேயும், லயங்களின் பின்புறத்திலும், ஓடைக் கரைகளிலும் சிறு சிறு மரக்கறிப் பாத்திகள் இருப்பதை யாவரும் அறிவர். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு பீற்றூட்டும் அங்கே விளைகின்றது. இப்பயிர்களுள் களைக்கு மிக எளிதில் தோற்பவற்றுள் பீற்றூட் ஒன்றாகும். கோவா தன் அகன்ற இலையாலே நிலத்தை மூடிக்கொள்ளும். உருளைக்கிழங்கு மண் அணைக்கும்போதே களையைப் புதைத்துவிடும். பீற்றூட்டுக்கு இவ்விரு வலிமையும் இல்லை.

“அமெரிக்காவிலே களைகொல்லியைத் தெளித்தாலும் சாகாத பீற்று இருக்கின்றதாமே; அதன் வித்து இங்கே கிடைக்காதா?” என்று வினவும் கமக்காரர் உளர். களை பிடுங்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இது நியாயமான வினாவே. பகலெல்லாம் மலையிலே கொழுந்து பறித்துவிட்டு, மாலையிலே பாத்தியில் குனிந்து நிற்கும் பெண்களின் முதுகுவலியும் அவ்வினாவிலே அடங்கியிருக்கின்றது. சுருக்கமான விடை இது: அத்தகைய பீற்று உண்டு, ஆனால் அது சீனி எடுக்கும் பீற்று. நமது கடைகளில் விற்கப்படும் பீற்றூட் வித்துக்கு அந்த ஆற்றல் கிடையாது. கிளைபோசேற் மருந்து நமது பாத்தியிலே பட்டால் களையோடு பயிரும் மாளும். இதனை அறியாது தெளித்தால் ஒரு போகத்தின் உழைப்பு முழுவதும் ஒரு வாரத்தில் மஞ்சளித்துப் போகும்.

விரிவான விடை நெற்செய்கையாளருக்கும் பயன்படுவது. ஆதலால் சற்று விளக்கமாக எழுதுகின்றோம்.

பீற்றூட் ஏன் தோற்கின்றது

நாம் பீற்றூட் வித்து என்று வாங்குவது தனி வித்தன்று. பல பூக்களின் காய்கள் ஒன்றோடொன்று பிணைந்து உலர்ந்த ஒரு கொத்து அது. ஒரு கொத்திலிருந்து இரண்டு முதல் நான்கு நாற்றுகள் வரை நெருங்கி முளைக்கும். அவற்றைக் கலைத்து ஒன்றை மாத்திரம் விடாவிட்டால் கிழங்கு பருக்காது. அக்கொத்தின் தோலிலே முளைத்தலைத் தடுக்கும் பொருள்களும் உள. முளைத்த பின்னரும் முதல் ஐந்தாறு வாரம் வரை இலை சிறிதாய், நிலம் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அந்தத் திறந்த நிலமே களைக்கு அழைப்பாகும்.

மலைநாட்டுப் பாத்திகளிலே முதலில் வந்து நிற்பது ஐந்து சிறு வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட காலின்சோகா என்னும் பூண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இது சில வாரங்களிலேயே பூத்து, ஆயிரக்கணக்கான வித்துகளை உதிர்க்கும். அவ்வித்துகளுக்கு உறக்கமும் இல்லை; விழுந்த ஈரத்திலேயே முளைத்துவிடும். அடுத்தது புளியாரை. இதன் இளஞ்சிவப்புப் பூவுடைய இனங்கள் நிலத்தினுள்ளே பூண்டுப்பல் போன்ற சிறு குமிழ்களை வைத்திருத்தலின், மேலே பிடுங்குவது வெறும் இலையைக் கிள்ளுவது போலாகும். எட்டோரா என்று சிங்களத்தில் வழங்கும் புல்லும், கோரையும், அறுகும் நிலத்தடித் தண்டாலும் கிழங்காலும் பரவுவன. குப்பைக்கீரையும் அதன் இனத்தனவும் பீற்றூட்டுக்கு உறவினர். தாவர நூலார் இவற்றை ஒரே குடும்பத்தில் வைப்பர். ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கொல்லும் மருந்தை உலகெங்கும் நெடுநாள் தேட வேண்டி வந்ததற்கு இவ்வுறவே காரணம்.

சீனிப்பீற்றின் வழி

பீற்றூட்டும் சீனிப்பீற்றும் ஒரே இனச் செடியின் இரு பிள்ளைகள். 1747இல் பேர்லின் நகரத்து இரசாயனவியலாளர் மார்க்கிராவ், பீற்றுக் கிழங்கின் சீனியும் கரும்பின் சீனியும் ஒன்றே எனக் கண்டார். அவருடைய மாணவர் அக்கார்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவிலே முதலாவது பீற்றுச் சீனி ஆலையை அமைத்தார். இன்று உலகச் சீனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பீற்றிலிருந்து வருகின்றது. நமது நாட்டிலோ பெல்வத்தை, செவனகல முதலிய ஆலைகள் கரும்பையே நம்பியுள்ளன. சீனிப்பீற்று இங்கே பயிராவதில்லை.

குளிர் நாடுகளின் சீனிப்பீற்று வயல்களிலே களையெடுப்பும் நாற்றுக் கலைப்பும் கூலியாட்களின் முதுகை முறித்த வேலைகளாம். கலிபோர்னியாவிலே ஓரடி அளவே பிடியுள்ள குட்டை மண்வெட்டியைக் கொடுத்து, நாள் முழுதும் குனிந்தபடியே வேலை வாங்கினர். முதுகெலும்பு கெட்டவர் பலர். அந்தக் கருவி அங்கே 1975ஆம் ஆண்டிலேதான் தடைசெய்யப்பட்டது. நீண்ட பிடியுள்ள மண்வெட்டியாலும் அதே வேலை நன்றாகவே நடந்தது என்பது பின்னர் தெரிந்தது. (நமது பாத்திகளிலும் சுரண்டியின் பிடியை நீட்டிப் பார்ப்பதற்கு எவரும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.)

இவ்வேலையைக் குறைத்தவை இரண்டு. ஒரு கொத்தில் ஒரே நாற்று முளைக்கும் செடிகளை 1948இல் ஒறேகன் மாநிலத்து வயலொன்றிலே சவிட்ஸ்கி என்னும் அறிஞர் கண்டெடுத்தார். அவற்றிலிருந்து ஒற்றை முளை வித்து வந்தது. 1968இல் வெளிவந்த பென்மெடிபாம் போன்ற மருந்துகள், பீற்றுக்கு அதிக ஊறு செய்யாது களையின் இளநாற்றைக் கொன்றன. ஆயினும் களை இரண்டிலைப் பருவத்தைத் தாண்டிவிட்டால் அவற்றின் வலிமை குன்றும். ஒரே பருவத்திலே பல மருந்துகளைக் கலந்து பல முறை தெளிக்க வேண்டியிருந்தது.

இந்நிலையிலே தோன்றியதுதான் களைகொல்லியைத் தாங்கும் சீனிப்பீற்று. 1974 முதல் விற்பனையிலுள்ள கிளைபோசேற், பச்சை இலையினூடாகச் சென்று, செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களை ஆக்கும் ஒரு நொதியத்தை அடைத்துவிடும். செடி மெல்ல மெல்லப் பட்டினியால் இறக்கும். மண்ணிலே வாழும் ஒரு பற்றீரியாவிடம் இம்மருந்துக்கு அடைபடாத அதேவகை நொதியம் இருந்தது. அதன் மரபணுவைச் சீனிப்பீற்றினுள் புகுத்தினர். அமெரிக்க அரசு 2005இல் அனுமதியளித்தது. 2008இல் பெரும் பரப்பிலே விதைத்தனர். 2010 அளவில் அந்நாட்டுச் சீனிப்பீற்று நிலத்தில் நூற்றுக்கு 95 பங்கு இவ்வகையாயிற்று. ஒரு புதிய வித்து இவ்வளவு விரைவில் ஒரு பயிர் முழுவதையும் பிடித்துக்கொண்டது அரிது. களையெடுப்பு எவ்வளவு கொடிய சுமையாயிருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

அங்கே எழுந்த வழக்கு ஒன்றும் மரக்கறிச் செய்கையாளர் அறியத்தக்கது. ஒறேகன் மாநிலத்து வில்லாமெற் பள்ளத்தாக்கிலே சீனிப்பீற்று வித்து உற்பத்தியாகின்றது. பீற்றூட், இலைப்பீற்று ஆகியவற்றின் வித்தும் அங்கேயே உற்பத்தியாகின்றது. இவை ஒரே இனமாதலாலும், மகரந்தம் காற்றிலே நெடுந்தூரம் செல்வதாலும், தம் வித்து கலப்படையும் என அஞ்சிய இயற்கைமுறை வித்து உற்பத்தியாளர் 2008இல் நீதிமன்றம் சென்றனர். 2010இல் நீதிமன்றம் அரசின் அனுமதியை நீக்கியது. உரிய ஆய்வின் பின்னர் 2012இல் மீண்டும் முழு அனுமதி கிடைத்தது.

களை கற்றுக்கொண்ட பாடம்

ஒரு வயலிலே இலட்சக்கணக்கான களைச்செடிகள் முளைக்கின்றன. அவற்றுள் ஏதோ ஒன்றுக்குப் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் சிறு மாறுபாடு இருக்கலாம். மருந்து தெளிக்காத வயலிலே அச்செடிக்குத் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிக்கும் வயலிலோ, மற்றவையெல்லாம் மடிய, அது ஒன்றே நின்று வித்துதிர்க்கும். மருந்து அக்களையை உண்டாக்குவதில்லை, தேர்ந்தெடுக்கின்றது. நாம் நல்ல நெற்கதிரைத் தேர்ந்து வித்துக்கு வைப்பது போல, மருந்து தனக்கு அஞ்சாத களையைத் தேர்ந்து வைக்கின்றது.

கிளைபோசேற்றைத் தாங்கும் களை முதன்முதலாக 1996இல் அவுஸ்திரேலியாவிலே அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மலேசியாவிலே, குரக்கனுக்கு நெருங்கிய இனமான காட்டுக்குரக்கன் புல்லிலே அது காணப்பட்டது. இப்புல் நமது தோட்டப் பாதையோரங்களிலும் மிகுந்துள்ளது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் அமெரிக்காவிலே குப்பைக்கீரையின் இனங்கள் இரண்டும், கொக்கியா என்னும் உருண்டோடும் பூண்டும் அவ்வாறே ஆயின. அக்கீரை இனங்களுள் ஒன்று கையாண்ட வழி வியப்பானது. மருந்து அடைக்கும் நொதியத்தின் மரபணுவை அது பல மடங்காகப் பெருக்கிக்கொண்டது. ஒரு மதகை அடைத்தால் நூறு மதகு திறக்கும் வாய்க்காலை யார் மறிக்க முடியும்?

வடக்கு டக்கோட்டா, மினசோட்டா மாநிலங்களின் சீனிப்பீற்றுக் கமக்காரர் இன்று மீண்டும் வரிசையிடைக் கொத்துக் கருவிகளை வெளியே எடுத்துள்ளனர். கையால் களை பிடுங்க ஆள் தேடுகின்றனர். பயிருக்கு மேலே தலைநீட்டும் களையை மின்சாரத்தால் சுடும் இயந்திரத்தையும் சிலர் ஓட்டுகின்றனர். ஐரோப்பாவிலே மரபணு புகுத்தாமல், தெரிவு முறையாலே வேறொரு மருந்துவகையைத் தாங்கும் சீனிப்பீற்றை உருவாக்கியுள்ளனர். ஆனால் அம்மருந்துவகைக்கு அஞ்சாத களையினங்களே உலகில் எண்ணிக்கையில் மிகுதி. வித்து நிறுவனங்கள் இதனைச் சற்றுத் தாழ்ந்த குரலிலேதான் கூறுகின்றன.

நெல்வயலில் நாம் கண்டது

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று வலப்பனை, ஹங்குரன்கெத்த முதலிய பள்ளத்தாக்குகளின் நெற்செய்கையாளர் எண்ணிவிடலாகாது. களைகொல்லியைத் தாங்கும் பயிரை நாம் மரபணு மாற்றம் இல்லாமலே முன்னரே வைத்திருந்தோம். அது நெல். புரோப்பனில் என்னும் மருந்தைச் சிதைக்கும் நொதியம் நெற்பயிரின் இலையிலே இயல்பாக உண்டு. நெற்சப்பியிலே அது மிகக் குறைவு. ஆகவே ஒரே வயலில் ஒரே மருந்து நெல்லை விட்டு நெற்சப்பியைக் கொன்றது. 1960கள் முதல் ஆசிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இம்மருந்து பெரிதும் வழங்கியது. ஆண்டுகள் பல கழிந்தன. நெல்லிடம் உள்ள அதே நொதியத்தை மிகுதியாக ஆக்கும் நெற்சப்பி தோன்றியது. இலங்கையிலும் புரோப்பனிலுக்கு மடியாத நெற்சப்பி 1990களிலே ஆராய்ச்சியாளரால் உறுதிசெய்யப்பட்டது.

நெற்சப்பி இளமையில் நெல்லைப் போலவே தோன்றும். இலை தாளைத் தழுவும் இடத்தை விரித்துப் பார்த்தால் நெல்லுக்கு மெல்லிய தோல் நாக்கு ஒன்றிருக்கும், நெற்சப்பிக்கு இராது. மருந்தடித்த பின்னர் வயலிலே ஆங்காங்கே திட்டாக நிற்கும் நெற்சப்பியைக் கண்டால், மருந்தின் அளவைக் கூட்டுவது தவறு. அத்திட்டுகளைக் கதிர் ஈனுமுன் கையாலே பிடுங்கி அப்புறப்படுத்துதல் வேண்டும். ஒரு பிடி செடி ஒரு வயலின் எதிர்காலத்தை நிர்ணயிக்கும் காலம் அது.

மருந்தைத் தாங்கும் நெல் வகைகளும் இன்று உள. அமெரிக்காவில் 2002 முதலும், மலேசியாவில் 2010 முதலும் இவ்வகை நெல் விதைக்கப்பட்டது. இந்தியாவிலே 2021இல் பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1985 என்னும் இரு வகைகள் நேர் விதைப்புக்கென வெளியிடப்பட்டன. இவற்றுக்கும் மரபணுப் புகுத்தல் இல்லை. இங்கே அஞ்சத்தக்கது நெற்சப்பியன்று, களைநெல். கதிர் முற்றுமுன்னே உதிரும் களைநெல், பயிர் நெல்லோடு கலந்து மகரந்தம் பெறும். அதனால் மருந்தைத் தாங்கும் இயல்பு சில போகங்களிலேயே களைநெல்லுக்குச் சென்றுவிடுகின்றது. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் இவ்வாறு நேர்ந்தது. சீனிப்பீற்று வயல்களிலே காட்டுப்பீற்றோடு கலந்த களைப்பீற்றும் இதே தொல்லைதான். பயிருக்கு நெருங்கிய உறவுடைய களை உள்ள இடத்திலே, தாங்கும் வித்து என்பது இருபுறமும் வெட்டும் கத்தியாகும்.

நமது நாட்டில் கிளைபோசேற் கண்ட மாற்றங்கள்

வரண்ட வலயத்து நீண்டகாலச் சிறுநீரக நோய்க்கும் இம்மருந்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயத்தின்மேல், 2015இல் இதன் இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அத்தொடர்பு இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதனை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாயிருக்கலாம் என வகுத்தது; அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு முகவரகங்கள் வேறு முடிவு கூறின. தேயிலைத் தோட்டங்களிலே களை மிகுந்தது. மாற்றாகப் பயன்படுத்திய எம்.சி.பி.ஏ. என்னும் மருந்தின் எச்சம் யப்பானுக்கு அனுப்பிய தேயிலையிலே காணப்பட்டு வர்த்தகச் சிக்கல் உண்டாயிற்று. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் சகல இரசாயன உள்ளீடுகளின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டின் முடிவுக்குள் மீண்டும் திறக்கப்பட்டது. 2022இல் கிளைபோசேற் தடை முற்றாக நீங்கியது. தோட்டங்களிலே ஒரு காலம் பெருவழக்காயிருந்த பரகுவாற்று, அதனை அருந்தி உயிர் மாய்த்தோர் தொகை கருதி 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது என்பதையும் இங்கே கூறலாம்.

ஒரு மருந்தையே நம்பிக் களையடக்கும் கமக்காரருக்கு, வர்த்தமானியின் ஒரு தாள் போதும், அடுத்த போகத்தைக் குலைக்க.

டிக்கோயாப் பாத்திக்கு ஏற்ற முறை

களையடக்கம் மண்ணிலே தொடங்குகின்றது. தேயிலை மண் புளிப்பு மிகுந்தது; தேயிலை அதனை விரும்பும், பீற்றூட் வெறுக்கும். புளித்த மண்ணிலே பீற்றூட் நாற்று நின்றுபோக, களை ஓடிவிடும். ஆகையால் மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு டொலமைற்றை விதைப்புக்குச் சில வாரம் முன்னரே இட்டுக் கிளறுதல் வேண்டும். இதனைச் செய்யாது களையை மாத்திரம் பிடுங்கிக்கொண்டிருப்பவர் நோயை விட்டு வியர்வையைத் துடைப்பவராவர்.

அடுத்தது, களையை ஏமாற்றி முளைக்கச் செய்தல். பாத்தியை விதைப்புக்கு மூன்று வாரம் முன்னரே முற்றாகத் தயாரித்து, மழை இல்லையேல் நீர் தெளித்து, வெறுமனே விட வேண்டும். மேல் மண்ணிலுள்ள களை வித்து முளைத்துவரும். அவை இரண்டிலைப் பருவத்தில் இருக்கும்போது, வெயிலுள்ள காலைப்பொழுதிலே, ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் மேலோட்டமாகச் சுரண்டிக் காயவிட வேண்டும். அதன்பின் மண்ணை மீண்டும் கொத்தக் கூடாது. கொத்தினால் அடியிலே உறங்கும் புது வித்து மேலே வந்துவிடும். நாம் கண்ட அளவிலே, பலர் இம்முறையைக் கைவிடுவது இக்கடைசி இடத்தில்தான். பாத்தி இறுகியது போலத் தோன்றக் கை சும்மா இருப்பதில்லை.

வித்துக் கொத்தை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, நல்ல நீரில் அலசி விதைத்தால் முளைப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். மருந்து பூசி வந்த வித்தை ஊறவைத்தல் ஆகாது. வீசி விதைப்பதை அறவே விட்டு, வரிசையிலே விதைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை ஒன்பது அங்குலம், செடிக்குச் செடி நான்கு அங்குலம் கொள்க. வரிசை இருந்தால் பிடி நீண்ட சுரண்டியை நின்றபடியே ஓட்டலாம். வழிகளுக்கு இடம் விட்டபின், ஒரு பேர்ச் நிலத்திலே இவ்வாறு ஏறக்குறைய எழுநூறு செடி நிற்கும். எழுநூறு செடிக்கும் குனிவதும், செடியை ஒட்டிய களைக்கு மாத்திரம் குனிவதும் ஒன்றாகா.

முதற் களையெடுப்பு விதைத்த மூன்றாம் வாரத்திலே, நாற்றுக் கலைப்போடு நடைபெறுதல் நன்று. இரண்டாவது, ஐந்தாம் அல்லது ஆறாம் வாரத்தில். எட்டு வாரமளவில் இலைகள் ஒன்றையொன்று தொட்டு நிலத்தை மூடிவிடும். அதன்பின் முளைக்கும் களையால் கிழங்குக்கு அதிக இழப்பில்லை. ஆயினும் வித்து முற்றவிருக்கும் களையைப் பிடுங்கிவிட வேண்டும். அது அடுத்த பயிருக்கான வேலை.

முதற் களையெடுப்பின் பின்னர் வரிசைகளுக்கிடையே மானாப்புல்லை அல்லது குவாத்தமாலாப் புல்லைப் பூக்குமுன் வெட்டி மூடாக்காக இடலாம். இது களையை மறைப்பதோடு, வைகாசி தொடங்கிப் பெய்யும் தென்மேற்குப் பருவமழையிலே மண் கரைவதையும் தடுக்கும். முற்காலத்துத் தேயிலைத் தோட்டங்களிலே ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி வைப்பதே சிறப்பென எண்ணினர். அவ்வாறு சுரண்டிய மலைகளின் மேல்மண் ஆற்றோடு போயிற்று. எனவே சரிவான பாத்திகளிலே பெருமழைக்கு முந்திய நாள்களில் களை சுரண்டுதல் கூடாது, கையாற் பிடுங்கலாம். பாத்தியின் கீழோரத்திலே ஒரு வரிசைப் புல்லை விட்டு வைப்பது குற்றமன்று.

புளியாரையின் குமிழ், எட்டோராவின் தண்டு ஆகியவற்றைப் பாத்தியோரத்தில் எறிவது மீண்டும் நடுவதற்கு ஒப்பாகும். அவற்றைச் சாக்கிலே கட்டி வெயிலில் உலர்த்தி அழிக்க வேண்டும். மாட்டெருவிலும் களை வித்து உயிரோடு வருவதால், அதனைக் குவித்து, கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை மக்கச் செய்து, புரட்டி, மீண்டும் சூடேறிய பின்னரே இட வேண்டும்.

களைகொல்லி அறவே வேண்டாமா என்று கேட்பின், பயிரில்லாத நிலத்திலே எட்டோரா, கோரை மிகுந்திருந்தால் விதைப்புக்கு முன்னர் அதற்கு இடமுண்டு. பயிர் முளைத்தபின் பீற்றூட் பாத்தியிலே கிளைபோசேற்றுக்கு இடமேயில்லை. எந்த மருந்தாயினும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டு, சுட்டுத்துண்டிலே அப்பயிரின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் மாத்திரமே பயன்படுத்தலாம். தேயிலைக்கென வந்ததைப் போத்தலில் ஊற்றி அயலவர் தந்தால் வாங்கலாகாது. ஐயமிருப்பின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்க வேண்டும்.

தேயிலை மலையிலே களைக்குத் தெளித்த கருவியையே மரக்கறிக்கும் எடுத்துச் செல்லும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. எம்.சி.பி.ஏ. போன்ற மருந்தின் எச்சம் குழாயிலும் அடைப்பானிலும் தங்கியிருந்து, பூஞ்சண மருந்து தெளிக்கும் நாளிலே பீற்றூட் இலையைச் சுருட்டிவிடும். நோய் என்றெண்ணி மேலும் மருந்தடிப்பர். களைக்கென ஒரு கருவியும் பயிருக்கென ஒரு கருவியும் தனித்தனியே வைத்து, களைக்குரியதன் கொள்கலத்திலே அழியாத சிவப்பு வர்ணத்தால் அடையாளமிடுக. அதனைக் கழுவும் நீரைப் பீலிக்கு மேலேயோ, காசல்ரீக்கு இறங்கும் ஓடையிலேயோ ஊற்றாமல், பயிரும் நீரோட்டமும் இல்லாத புல் நிலத்திலே பரவலாகத் தெளித்து விடுக.